தொலைபேசிப் பெட்டியை இடம் மாற்றுமுன்

வீடு என்பது ஒருமுறை கட்டி முடித்தபின் ஓய்ந்துவிடும் பொருளன்று. அதிலும் எமது கிழக்குக் கரையிலே, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கடலோரமாக நெருங்கிக் கிடக்கும் ஊர்களிலே, வீடு ஓயாது வளர்ந்துகொண்டே இருக்கும். மூத்த பெண்ணுக்குக் கலியாணம் என்றால் ஓர் அறை முளைக்கும். அடுத்தவளுக்கு என்றால் மாடி எழும்பும். மேசன் வருவார், ஓடாவி வருவார், மின்சார வேலைக்காரர் வருவார். கதவு எங்கே, குசினி எங்கே, தண்ணீர்த் தாங்கி எங்கே என்றெல்லாம் இரவிரவாகப் பேச்சு நடக்கும். ஆனால் முன் மண்டபத்துச் சுவரிலே, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அறைந்துவிட்டுப் போன சிறிய வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. சுவரை இடிக்கும் அன்றுதான், “அடடா, ரெலிபோன் வயர்!” என்ற கூச்சல் எழும்.

இந்த வாரம் அந்தப் பெட்டியைப் பற்றியும், வெளியே இருந்து அதற்கு வரும் கம்பியைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். இது சின்ன விடயந்தானே என்று வாசகர்கள் எண்ணலாம். சின்ன விடயந்தான், ஆயினும் அதிலே பொருளும் உண்டு, உறவும் உண்டு, சில வேளைகளில் உயிரும் உண்டு.

பெண் வீடும் வெள்ளைப் பெட்டியும்

எமது பகுதியில் முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் ஒரு பொது வழக்கம் உண்டு. பெண்ணுக்குக் கலியாணமாகும்போது வீடு பெண்ணுக்கே போகும்; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். பெற்றோர் வேறொரு வீட்டுக்குப் போவர், அல்லது அதே வளவிலே பின்பக்கத்தில் ஓரிரு அறைகளைக் கட்டிக்கொண்டு ஒதுங்கியிருப்பர். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே தங்கி ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார். வெளியார் வியக்கும் இந்த ஏற்பாடு எமக்குப் பழகிப்போன ஒன்று.

வீட்டை மகளுக்கு எழுதும்போது உறுதி எழுதுகிறார்கள், நகையை நிறுக்கிறார்கள், அலுமாரி எத்தனை என்று எண்ணுகிறார்கள். தொலைபேசி இணைப்பு எவர் பெயரில் இருக்கிறது என்று கேட்பவர் அரியர். அது தகப்பனார் பெயரிலேயே இருக்கும். மாதந்தோறும் கட்டணச் சிட்டை அவர் பெயருக்கே வரும். பெட்டியோ மகளின் முன் மண்டபத்திலே இருக்கும்.

எமக்கு நன்கு பழக்கமான ஒரு மூதாட்டி ஒருநாள் எம்மிடம் கேட்டார்: “சேர், மகன் கட்டாரில இருந்து ராவையிலதான் எடுக்கிறான். மணி முன்னுக்கு அடிக்கிது. அங்க மருமகன் இரிக்கார். நான் எப்பிடி ஓடிப்போய்ப் பேசிற? அந்தப் பெட்டிய எங்கட பக்கம் கொண்டு வர ஏலாதா?”

“கொண்டு வரலாம் உம்மா. ஆனால் எப்படிக் கொண்டு வருவது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்” என்றோம்.

அந்தக் கேள்வியிலே இருந்த கூச்சமும் ஏக்கமும் எமது ஊர்களை அறிந்தவர்களுக்கு விளங்கும். கைத்தொலைபேசி இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு என்று இளைஞர் கேட்பர். வயது போனவர்களுக்குக் கண்ணாடித் திரையைத் தடவிப் பழகுவது எளிதன்று. பொத்தானை அழுத்திப் பேசும் பெரிய கருவியே அவர்களுக்குக் கைவந்தது. அதுவுமன்றி, இன்று இணையமும் அதே கம்பி வழியாகவே பல வீடுகளுக்கு வருகிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை மாணவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பெட்டி முன் மண்டபத்தில். படிக்கும் பிள்ளை பின்னறையில். நடுவிலே மூன்று சுவர்கள். ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வந்த கதையை வீட்டுக்கு வீடு கேட்டோம். ஆகவே பெட்டி எங்கே இருக்கிறது என்பது படிப்பையும் தொடும் கேள்வி.

கம்பி எங்கிருந்து வருகிறது?

இடம் மாற்றுவதைப் பற்றிப் பேசுமுன், இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது.

பழைய செப்புக் கம்பி முறையில், ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து இரண்டு செப்புக் கம்பிகள் தனியாக வருகின்றன. நிலத்தின் கீழும் தூண்களின் மேலும் பெரிய கேபிள்களுக்குள் நூற்றுக்கணக்கான சோடிகளோடு ஒன்றாகப் பயணம் செய்து, தெருவிலுள்ள தூண் வரை வந்து, அங்குள்ள சிறு பெட்டியில் பிரிந்து, கறுப்புறை போட்ட தனிக் கம்பியாக எமது கூரை விளிம்பை வந்து அடைகின்றன. அங்கிருந்து சுவர் வழியாக உள்ளே நுழைந்து முதலாவது பெட்டியில் முடிகின்றன. இம்முதற் பெட்டியே வீட்டின் தலைவாசல். இதன் பின்னர் வீட்டுக்குள் எத்தனை கிளைகள் இருந்தாலும் அவையெல்லாம் அதன் பிள்ளைகளே.

ஒவ்வொரு சோடியும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் கவனித்திருக்கலாம். தொலைபேசிக்கு 1876ஆம் ஆண்டு உரிமம் பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல்லே, 1881இல் இம்முறுக்குக் கம்பி முறைக்கும் உரிமம் பெற்றார். வெளியே இருந்து ஒட்டிக்கொள்ளும் மின் இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதே அதன் சூட்சுமம். முறுக்கை நீளமாகப் பிரித்துவிட்டு இணைத்தால் இச்சூட்சுமம் கெட்டுவிடும். வீட்டு மின் வயரை வெட்டி ஒட்டித் தொலைபேசிக் கம்பியை நீட்டுபவர்கள் செய்யும் பிழை இதுவே.

இன்னும் ஒரு சுவையான செய்தி. இக்கம்பியிலே பரிவர்த்தனை நிலையத்திலிருந்து சுமார் 48 வோல்ற் நேர்மின்னழுத்தம் எப்போதும் நிற்கும். அதுவும் நிலத்தோடு ஒப்பிடும்போது மறைப் பக்கமாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஏன்? ஈரம் பட்ட இடத்தில் நேர்ப் பக்கத்துச் செம்பு கரைந்து அரிபடும். மறைப் பக்கமாக வைத்தால் அந்த அரிப்புக் குறையும். நூறாண்டுக்கு முந்திய பொறியியலாளர்களின் இந்த முன்யோசனை, உப்புக் காற்று வீசும் எமது கரைக்கு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

யாருடைய கம்பி?

வீடு எமது, சுவர் எமது, ஆகவே சுவரிலுள்ள பெட்டியும் எமதே என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. தெருத் தூணிலிருந்து முதற் பெட்டி வரையுள்ள கம்பி சேவை வழங்குவோருடையது. அதற்கு அப்பாற்பட்ட உள் வேலையே வீட்டுக்காரருடையது. உலகின் பல நாடுகளிலும் இந்த எல்லைக்கோடு உண்டு. ஆனால் அந்தக் கோடு போடப்பட்ட வரலாறு எல்லா இடத்திலும் ஒன்றன்று.

அமெரிக்காவில் நெடுங்காலம் தொலைபேசிக் கருவி முழுவதுமே கம்பனியின் சொத்தாக இருந்தது. சந்தாதாரர் வேறெதையும் அதனோடு இணைக்கக் கூடாது. 1968ஆம் ஆண்டு, கார்ட்டர்போன் என்னும் கருவி பற்றிய வழக்கில் அந்நாட்டுத் தொடர்பாடல் ஆணைக்குழு அளித்த தீர்ப்பே, கம்பிக்குக் கேடு செய்யாத கருவியை எவரும் இணைக்கலாம் என்னும் உரிமையைக் கொடுத்தது. பிரித்தானியாவிலே 1981ஆம் ஆண்டிலேதான் செருகி எடுக்கத்தக்க புதிய சொக்கட்டுகள் வந்தன; அதற்குமுன் கருவியைக் கம்பியோடு நேரே பொருத்திவிட்டுப் போவார்கள்; அறை மாற்றுவதென்றாலும் திணைக்களத்து ஆள் வரவேண்டும்.

இலங்கையிலே 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே முதலாவது தந்திக் கம்பி இழுக்கப்பட்ட நாள்முதல், இத்துறை நீண்ட காலம் அரசாங்கத் திணைக்களத்தின் கையிலேயே இருந்தது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் பின் அது கூட்டுத்தாபனமாகி, 1996இல் கம்பனியாயிற்று. அதே 1996ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் தோற்றுவித்தது. திணைக்களக் காலத்திலே ஓர் இணைப்புக்காக ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்கள் எமது ஊரிலே இன்னும் இருக்கிறார்கள். அவ்வளவு காத்திருந்து பெற்றதாலோ என்னவோ, அந்தப் பெட்டியை ஒரு குலதனம் போலவே அவர்கள் போற்றுகின்றனர்.

ஆகவே முதற் பெட்டியைக் கழற்றி வேறிடத்தில் வைக்க விரும்பினால், முறையான வழி விண்ணப்பம் செய்வதே. ஸ்ரீ லங்கா ரெலிகொம் இணைப்புள்ளவர்கள் 1212 என்ற இலக்கத்தை அழைத்து விசாரிக்கலாம். அல்லது பிரதேச அலுவலகத்துக்கு நேரே செல்லலாம். கட்டணம் காலத்துக்குக் காலம் மாறுவதால், வேலை தொடங்குமுன்னரே அதைக் கேட்டு எழுதிக்கொள்வது புத்தி. தெரிந்த பையன் ஒருவன் சல்லிசாகச் செய்து தருவான் என்று நம்பி, பிறகு கம்பி பழுதானால், அந்தப் பழுதுக்குப் பொறுப்பு யாருடையது என்ற வழக்கில் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் குறைந்து போகும்.

மூன்று வழிகள்

எல்லோருக்கும் பெட்டியையே மாற்றவேண்டிய தேவை உண்டா? இல்லை. தேவையைப் பொறுத்து மூன்று வழிகள் உள.

முதலாவது, குரல் மட்டும் போதும் என்பவர்களுக்கானது. பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். கம்பியில்லாக் கைபிடியுள்ள தொலைபேசி ஒன்றை வாங்கி, அதன் தாய்ப் பகுதியை முன் மண்டபத்திலும் கைபிடியைப் பின்னறையிலும் வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன மூதாட்டிக்கு நாம் முதலிற் சொன்ன யோசனை இதுவே. கொன்கிறீற் சுவர்கள் பல குறுக்கிட்டால் ஒலி மங்கும். ஆதலால் வாங்குமுன் இரவல் வாங்கிச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது, இணையம் வேறறைக்கு வேண்டும் என்பவர்களுக்கானது. இதிலே பலர் தவறான பாதையிற் போகின்றனர். செப்புக் கம்பியில் வரும் இணையம், குரல் செல்லும் அதே கம்பியிலே வேறு அலைவரிசையிற் செல்கிறது. குரல் வினாடிக்கு 4,000 அதிர்வுகளுக்குள் அடங்கிவிடும். தரவோ 25,000 அதிர்வுகளுக்கு மேலிருந்து பதினொரு இலட்சம் வரையும், பிந்திய முறையில் இருபத்திரண்டு இலட்சம் வரையும் ஏறும். அத்தகைய நுண்ணிய அலை, வீட்டுக்குள் கிளை கிளையாக நீட்டப்பட்ட கம்பிகளிலே புகுந்து, முடிவில்லாத நுனிகளில் முட்டி எதிரொலித்துத் திரும்பும். கிணற்றடியிற் கத்தினால் குரல் திரும்பி வந்து பேச்சைக் குழப்புவது போன்றதே இது. ஆகவே தொலைபேசிக் கம்பியை நீட்டி ரவுட்டரைப் பின்னறைக்குக் கொண்டுபோவதிலும், ரவுட்டரை முதற் பெட்டியடியிலேயே வைத்துவிட்டு அங்கிருந்து கணினி வலையமைப்புக் கேபிளைப் பின்னறைக்கு இழுப்பதே சிறந்தது. அந்தக் கேபிள் 100 மீற்றர் வரை குறைவின்றி வேலை செய்யும். எமது வளவுகளிலே அதற்கு மேல் நீளம் வேண்டியதில்லை.

மூன்றாவது, பெட்டியையும் கம்பியையுமே மாற்றுவது. சுவர் இடிபடுகிறது, மாடி எழும்புகிறது, அல்லது பெற்றோர் இணைப்போடு பின்பக்கம் போகின்றனர் என்றால் இதுவே வழி. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய பெட்டி இருந்த இடத்திலே கம்பியை ஒட்டி அங்கிருந்து நீட்டுவது ஒரு முறை. தூணிலிருந்தே புதுக் கம்பியை முறிவின்றிப் புதிய இடத்துக்கு இழுப்பது மற்றொரு முறை. இரண்டாவதையே கேட்டுப் பெறுங்கள். ஒவ்வோர் ஒட்டும் நாளைய பழுதின் வித்து.

உப்புக் காற்றும் மாரி மழையும்

கண்டியிலோ நுவரெலியாவிலோ பத்தாண்டு நிற்கும் ஒட்டு, கல்முனைக் கடற்கரையிலே அவ்வளவு காலம் நிற்காது. உப்பும் ஈரமும் செம்பின்மேற் படிந்து பச்சை பூத்துவிடும். மழை பெய்யும்போது மட்டும் தொலைபேசியிலே “கரகர” என்ற இரைச்சல் கேட்டால், எங்கோ ஓர் ஒட்டு ஈரங் குடிக்கிறது என்பதே பொருள். வெறுங் கையால் முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றும் வேலை இங்கே ஆகாது. உள்ளே பசை நிறைந்த சிறிய இணைப்பான்கள் இருக்கின்றன. அழுத்தியதும் பசை கம்பியைச் சூழ்ந்து ஈரத்தைத் தடுக்கும். வேலைக்காரர் அதைப் பயன்படுத்துகிறாரா என்று கண்ணாற் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி சுவருக்குள் நுழையும் துளையை வெளிப்புறம் சரிந்திருக்குமாறு துளைக்கவேண்டும். உட்புறம் சரிந்தால் வாடைக்காற்றோடு வரும் மழைநீர் பெட்டிக்குள்ளேயே வந்து சேரும். துளைக்கு வெளியே கம்பியைச் சற்றே கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், நீர் அந்தத் தொங்கலின் அடியிலே சொட்டிவிடும். செலவில்லாத வேலை, ஆனால் மறந்தால் பெருஞ்செலவு.

ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை எமக்குப் புதிதன்று. மின்னல் தூரத்தில் விழுந்தாலும் நீண்ட செப்புக் கம்பியிலே அதன் வேகம் ஓடிவரும். இடி முழங்கும்போது ரவுட்டரின் மின் செருகியையும் தொலைபேசிச் செருகியையும் இரண்டையுமே கழற்றிவிட வேண்டும். ஒன்றைமட்டும் கழற்றுவது ஒரு கதவைப் பூட்டி மறு கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். அந்த வேளையிலே கம்பித் தொலைபேசியிற் பேசுதலும் ஆகாது.

மின்சார வயரும் தொலைபேசிக் கம்பியும் ஒரே குழாயிற் செல்லக் கூடாது. பக்கத்திற் பக்கமாக நெடுந்தூரம் ஓடவும் கூடாது. கடக்க நேர்ந்தாற் செங்குத்தாகக் கடக்கட்டும். 48 வோல்ற் ஒன்றும் செய்யாது என்று ஈரக் கையோடு கம்பியைத் தொடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மணி அடிக்கும்போது அதே கம்பியிலே எழுபத்தைந்து வோல்ற்றுக்கு மேலான ஆடலோட்டம் பாயும். அதன் உதை மரத்திலே ஏணி வைத்து நிற்பவரைக் கீழே தள்ளப் போதும். தெருத் தூணில் மின்கம்பியும் அருகே செல்லுமாதலால், அதில் ஏறும் வேலை முற்றாகப் பயிற்சி பெற்றவர்களுடையதே.

எமது ஊர்களின் நெருக்கத்தால் இன்னொரு சங்கடமும் எழும். புதுக் கம்பி அயலாரின் வளவுக்கு மேலாகவே செல்ல வேண்டியிருக்கும். அவர் தென்னோலை அதன்மேல் விழும். அவர் மாடி கட்டும்போது அது தடையாகும். கம்பி இழுக்குமுன் மதிலுக்கு அப்பால் ஒரு வார்த்தை சொல்லி அனுமதி கேட்டுவிட்டால், பின்னர் வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கலாம். பெருநாளைக்குச் சோறும் பொங்கலுக்குப் பொங்கலும் மதிலுக்கு மேலால் கைமாறும் ஊர்களல்லவா எமது ஊர்கள்!

கண்ணாடி இழை வந்தபின்

இப்போது செம்பின் இடத்தைக் கண்ணாடி இழை பிடித்து வருகிறது. பிரித்தானியாவிலே பழைய செப்புவழித் தொலைபேசிச் சேவையை 2027 ஜனவரியோடு நிறுத்துவதாகத் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எமது நாட்டிலும் வீட்டுக்கு வீடு இழை வந்துகொண்டிருக்கிறது. கண்ணாடி இழையின் வழியே ஒளியைத் தூர தேசத்துக்கும் அனுப்பலாம் என்று 1966ஆம் ஆண்டு எடுத்துக்காட்டிய சாள்ஸ் காவோ என்ற அறிஞருக்கு 2009இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இழை வந்த வீட்டில் இடமாற்றம் வேறு விதமானது. ஒளி ஓடும் நடுப்பகுதி ஒரு மில்லிமீற்றரில் நூற்றிலொரு பங்குக்கும் மெல்லியது. அதை வெட்டி முறுக்கி ஒட்ட இயலாது. உருக்கி ஒட்டும் தனிக் கருவி வேண்டும். கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். தேநீர்க் கோப்பையின் விளிம்பைவிடச் சிறிய வளைவு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் ஆவல் பிள்ளைகளுக்கு வரும். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. புலப்படாததால் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே இழையை வீட்டார் தொடவே வேண்டாம். முதலில் வைக்கும்போதே இடத்தை யோசித்து வைப்பதே சிறந்த வழி.

மின்சாரம் நின்றால்?

இனி நாம் மிக முக்கியமென்று கருதும் விடயத்துக்கு வருகிறோம். செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்து மின்கலங்களிலிருந்து கம்பி வழியாகவே வருகிறது. வீட்டிலே மின்சாரம் நின்றாலும் சாதாரணக் கருவி பேசும். கண்ணாடி இழையோ மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டு மின்சாரம் நின்றதும் சுவரிலுள்ள கருவி அணையும், தொலைபேசியும் ஊமையாகும். நாம் முன்னே சொன்ன கம்பியில்லாக் கைபிடிக்கும் இக்குறை உண்டு. அதன் தாய்ப் பகுதிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும்.

2022 மார்ச்சு முடிவிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அமுலான காலத்தை நினைத்துப் பாருங்கள். பின்னறையிலே நெஞ்சு நோயோடு ஒரு முதியவர், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழைக்க வேண்டும், தொலைபேசி பேசவில்லை, கைத்தொலைபேசியிற் சார்ஜ் இல்லை. இது நடக்கக் கூடாத காரியம். ஆகவே இழை இணைப்புள்ள வீட்டிலே, கருவிக்கும் ரவுட்டருக்குமாக ஒரு சிறிய மின்கலப் பெட்டியை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டொரு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திப் பார்த்து அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சோதிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ள மாணவரிடம் ஒப்படைக்கலாம். புதிய பெட்டிக்கு இடம் குறிக்கும்போது, மின் செருகி அருகே உண்டா, மின்கலப் பெட்டி வைக்கத் தட்டு உண்டா, வெள்ளம் வந்தால் நீர் எட்டாத உயரமா என்ற மூன்றையும் பார்த்தே குறிக்க வேண்டும்.

இலக்கம் என்னும் உறவு

2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்தபோது, நாட்டிலேயே அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது எமது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வடக்குக் கிழக்கிலே கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அவ்வெல்லை மாற்றப்பட்டது. எப்படியாயினும் கரையோரக் குடும்பங்கள் பல உள்ளே பெயர்ந்தன. வீடும் போய், தெருவும் போய், தூணும் போனபின், வெளிநாட்டிலிருந்த பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்த அந்த இலக்கத்தையே திரும்பத் திரும்பச் சுழற்றினார்கள். மறுமுனையில் ஓசை இல்லை. ஓர் இலக்கம் வெறும் எண்களன்று என்பதை அன்று இக்கரை அறிந்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளிலே, கம்பியில்லாமல் அலைவழியாக வேலை செய்யும் வீட்டுத் தொலைபேசிகள் பரவின. எங்கு போனாலும் எடுத்துக்கொண்டு போகக்கூடியவை. இன்று அவற்றின் இடத்தை நான்காந் தலைமுறைப் பெட்டிகள் பிடித்திருக்கின்றன. ஆயினும் 067 என்று தொடங்கும் பழைய இலக்கத்தை விடமாட்டோம் என்று வைத்திருக்கும் குடும்பங்கள் எமது ஊர்களில் உண்டு. அவர்களை நாம் நகைக்கமாட்டோம்.

இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது, இலக்கம் மாறாமல் இருக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். இணைப்பு எவர் பெயரில் தொடர்வது என்பதையும் குடும்பமாக இருந்து முடிவு செய்யுங்கள். தகப்பனார் காலமானபின், அவர் பெயரிலுள்ள இணைப்பை மாற்ற அலையும் அலைச்சல், அவர் இருக்கும்போதே ஒரு கையொப்பத்தால் தீரக்கூடியது. வீட்டை மகளுக்குக் கொடுக்கும்போது இணைப்பையும் கொடுப்பதா, பெற்றோரோடு கொண்டுபோவதா என்பதும் கலியாணத்துக்கு முன் பேசவேண்டியதே. பேசாமல் விட்டால், கட்டணம் கட்டுவது ஒருவர், பாவிப்பது மற்றொருவர் என்றாகி, இருபது அடி தூரத்திலுள்ள இரு அடுப்புகளுக்கு இடையே வீண் கசப்பு வளரும்.

வேலை தொடங்குமுன்

சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறோம், வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. வரைபடம் கீறும்போதே பெட்டிக்கு இடம் குறியுங்கள். சுவர் பூசுமுன் வெறுங் குழாய் ஒன்றைப் பதித்து, உள்ளே ஒரு நூலையும் விட்டுவையுங்கள். நாளைக்கு எந்தக் கம்பி வந்தாலும் அந்த நூலாலே இழுக்கலாம்.

2. உங்களிடம் இருப்பது செம்பா, இழையா என்று அறியுங்கள். வழி அதைப் பொறுத்தது.

3. குரலுக்கா, இணையத்துக்கா, இரண்டுக்குமா என்று தீர்மானியுங்கள். பெட்டியை அசைக்காமலே காரியம் முடியுமானால் அதுவே மலிவு.

4. முதற் பெட்டியையும் வெளிக் கம்பியையும் உரியவர்களே மாற்றட்டும். கட்டணத்தையும், இலக்கம் பற்றிய விடையையும் முன்னரே பெறுங்கள்.

5. ஒட்டில்லாத புதுக் கம்பியையே கேளுங்கள். துளையின் சரிவையும் கம்பியின் தொங்கலையும் பார்த்துவிட்டே வேலைக்காரரை அனுப்புங்கள்.

6. பழைய கம்பியை அந்தரத்தில் தொங்கவிடாமல் அகற்றச் செய்யுங்கள்.

7. மின்சாரம் நின்ற நேரத்திலும் ஒரு குரல் வெளியே போக வழி வைத்திருங்கள்.

இவற்றுள் எதுவும் பெரிய வித்தையன்று. ஆயினும் ஒரு வீட்டிலே யாருடைய அறைக்கு வசதி முதலிற் போகிறது என்பதைக் கொண்டு அவ்வீட்டின் மனத்தை அறிந்துகொள்ளலாம். மாப்பிள்ளையின் மண்டபத்துக்கு மின்விசிறியும், பிள்ளைகளின் அறைக்கு இணையமும் போவது நியாயமே. பின்பக்கத்திலே, நிலை குறைந்த கூரையின் கீழ், பிள்ளையின் குரலுக்காகக் காத்திருக்கும் இருவருக்கும் ஒரு கம்பி போகட்டும். இருபது யார் கேபிளும் அரைநாட் கூலியுமே அதற்கு வேண்டியன. புது வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் இதனை மனத்திற் கொள்வார்களாக.

அடுத்த வாரம் வீட்டுக் கிணற்றையும் அதன் நீரையும் பற்றிப் பேசுவோம்.